கூடைக்கு எட்டாத கை

மயிலம்மா நெஞ்சுவலியில் இறந்துவிட்டார் என்ற செய்தி கால் மணி நேரத்தில் எனக்கு வந்து சேர்ந்தது. மேல் லயத்து வரிசை வீட்டிலிருந்து போன் வந்தது, என் மகள் எடுத்தாள், அவ்வளவுதான். சாவுச் செய்திக்கு இந்தத் தேயிலைத் தோட்டத்தில் தாமதமே கிடையாது. அவர் உயிரோடு இருந்தபோது வந்த ஒரு கடிதத்துக்குத்தான் மூன்று வாரம் தேவைப்பட்டது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். அதையும் எழுது என்றேன்.

மயிலம்மா என் மனைவியின் தங்கை. வட்டவளைப் பக்கம் அவரைப் போல் கொழுந்து பறித்தவர்கள் குறைவு. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாக வீசுவார், முதுகுக் கூடையில் விழும். அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஆட்களை ஏற்றிப் போன டிராக்டர் வளைவில் கவிழ்ந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் வலது தோள் தொங்கிப்போனது, முழங்கை மடங்கவில்லை. விரல்கள் மட்டும் அசைந்தன. கண்டி ஆஸ்பத்திரிக்கு நான்தான் துணைக்குப் போனேன்.

"கழுத்துலேருந்து வர்ற நரம்பு வேரோட பிஞ்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "விரலுக்குப் போற நரம்பு நல்லா இருக்கு. அதுல ஒரு இழையைப் பிரிச்சு முழங்கைத் தசைக்குக் குடுப்போம். தோளுக்கு வேற நரம்புலேருந்து குடுப்போம். ஆறு மாசத்துக்குள்ள செய்யணும், அதுக்கு மேல தசை காத்திருக்காது. தேதி கடிதத்துல வரும்."

"கூடையில போட முடியுமாங்க?" என்று மயிலம்மா கேட்டார்.

"நேரத்தோட வந்தா பார்க்கலாம்."

லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. எல்லாக் கடிதமும் தோட்டத்து ஆபீசுக்குத்தான். டவுனிலிருந்து தபால் பையைச் சுமந்தவன் நான். எனக்கு எழுத்து தெரியாது, உறையின் நிறத்தைப் பார்த்துத்தான் வகை பிரிப்பேன். பழுப்பு உறை என்றால் அரசாங்கத்துக் காகிதம், ஆபீஸ் தட்டில் வைக்க வேண்டும். முப்பது வருடப் பழக்கம். அவருடைய கடிதத்தையும் என் கையாலேயே அங்கே வைத்தேன். யாரும் அதைத் தொடவில்லை.

"மச்சான், கண்டிக் கடுதாசி வந்துச்சா?" என்று தினமும் கேட்பார்.

"வந்தா தரமாட்டேனா?" என்று எரிந்து விழுவேன்.

கடிதம் அந்தத் தட்டிலேயே அகப்பட்டபோது தேதி போய்ப் பத்து நாள். ஆபீசில் போய்க் கத்தினேன். "நீங்கதானே பெருசு வச்சீங்க," என்றார் கிளாக்கர். உண்மைதான். அதுதான் இன்றும் பொறுக்கவில்லை.

மறு தேதி, டிராக்டர் கவிழ்ந்து ஒன்பதாம் மாதம்தான் கிடைத்தது. ஆபரேஷனை நன்றாகவே செய்தார்கள். விரலை இறுக்கி இறுக்கித்தான் முழங்கையை மடக்கப் பழக வேண்டுமாம். இல்லாத கொழுந்தை மாதக்கணக்கில் கிள்ளிக்கொண்டிருந்தார். ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பை வாய்வரை வந்தது. தோள் மட்டும் எழவே இல்லை.

லயத்தோரச் செடியில் ஒரு பிடி பறித்து வீசிப் பார்த்தார். காலடியில் விழுந்தது.

"பறிக்குது மச்சான், போய்ச் சேரத்தான் மாட்டேங்குது. ஒங்க தபால் மாதிரியே," என்று சிரித்தார். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆபீசுக்குப் போனேன். தட்டில் இன்னும் பழுப்பு உறைகள் கிடந்தன.

"ஒவ்வொரு பேரா வாசிங்க தம்பி. வாசிக்காம நான் போகமாட்டேன்."

கிளாக்கர் முனகிக்கொண்டே வாசித்தார். ஐந்தாவது பெயர் கீழ் லயத்து மாரிமுத்துவுடையது, ஏதோ கிளினிக் கடிதம். அதை மடியில் செருகிக்கொண்டு, வழியில் எங்கும் நிற்காமல், அவன் கையில் கொடுத்தேன்.

இந்த ஒன்றாவது போய்ச் சேர்ந்தது, மயிலு. போய் வா.