மீராசாஹிபு மேசன்ட கைக்கு ஒரு கிறீம்

போன பெருநாள் தொழுகை முடிஞ்ச கையோடு மீராசாஹிபு மேசன் பள்ளியின் பின்வாசலால் நழுவி வந்துவிட்டார். எல்லாரும் கைகொடுத்து ஸலாம் சொல்லுற நேரம் அது. சுவர் கட்டுற மேசனுடைய உள்ளங்கையைச் சீமெந்து தின்று முதலைத் தோலாக்கி வைத்திருந்தது.

"ஒரு சின்னப் புள்ளைக்குக் கை குடுத்தன், அழுதிட்டு," என்று மனைவி ஸுஹைறாவிடம் சொன்னார். அவள் சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் சும்மா நின்றாள்.

இந்தப் பெருநாளைக்கு மனிசன் முன்வாசலால் வரணும். அதுக்காகத்தான் கிறீம் செய்ய இறங்கினாள். தொழிற்பயிற்சி வகுப்பில் படித்த வேலை. ஸ்டியரிக் அமிலத்தையும் தேங்காயெண்ணெயையும் உருக்கி, சுடுதண்ணியில் ட்ரைஎத்தனோலமைனும் கிளிசரினும் கரைத்து ஊற்றிக் கடையணும். ட்ரைஎத்தனோலமைன் என்று சொல்லி முடிக்கிறதுக்குள்ளே கிறீம் இறுகிவிடும் என்பதால் அவள் அதைத் 'தேன்தண்ணி' என்பாள். அமிலத்தோடு சேர்ந்து சவர்க்காரமாகி, எண்ணெயையும் தண்ணியையும் ஒரே பாயில் இருத்துகிற சாமான். அமோனியாவிலிருந்து செய்வதால் லேசான மீன் வாடை. கிளிசரினுக்கும் அதே தடிப்பம், அதே நிறமின்மை. இரண்டும் ஒரே மாதிரி ஜேம் போத்தலில். மணந்து பார்த்துத்தான் பிரிப்பாள்.

அன்றைக்கு நோன்பு. வாடை பிடித்தால் நோன்புக்கு ஏதும் வந்திடுமோ என்று பயந்து முக்காட்டு நுனியால் மூக்கைக் கட்டிக்கொண்டு ரெண்டு போத்தலையும் திறந்து வைத்தாள். கை ஓயக் கடைந்தும் எண்ணெய் மேலே, தண்ணி கீழே.

"என்னகா, மீன் ஆணமா காய்ச்சுறாய்?" எட்டிப் பார்த்தார் மேசன்.

"உங்கட கைக்குத்தான்! போங்க அங்கால."

அவர் முகம் மாறிவிட்டது. கையைக் கட்டியிருந்த சாரத்துக்குப் பின்னால் மறைத்தார். "விடு புள்ள. பின்வாசலும் பள்ளிட வாசல்தானே."

நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு மூக்கை அவிழ்த்து, போத்தல்களை மணந்தாள். "யா அல்லாஹ்! ரெண்டு தரமும் கிளிசரினைத்தான் ஊத்திரிக்கன்!"

சட்டியைத் திரும்பச் சூடாக்கி, தேன்தண்ணியைக் கரைத்து ஊற்றிக் கடைந்தாள். பாலானது, பிறகு தயிரானது.

"சீமெந்து மாதிரி இறுகுதே!" என்றார் மேசன்.

"பக்டரியில சீமெந்து அரைக்கக்குள்ளயும் இந்தத் தேன்தண்ணியைக் கொஞ்சம் போடுறதாம். உங்கட கையைக் கெடுத்ததுக்கு இதே வந்து வைத்தியம் பார்க்கட்டும். காட்டுங்க."

பெருநாளுக்குள் வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. கிளிசரின் கூடினதால் கை மட்டும் பிசுபிசுத்தது.

"என்ன மேசன், கையை விட மனமில்லயா?" என்றார் பள்ளியில் ஹயாத்து ஹாஜியார்.

"விட ஏலாது ஹாஜியார். மனிசி செஞ்ச கிறீம்."

இப்படி ஊருக்கெல்லாம் ஒட்டி ஒட்டிக் கைகொடுத்து, பள்ளி முன்வாசலால் அவர் வீடு வந்து சேர, பெருநாளைக்கென்று அவித்த இனிப்பு வட்டிலப்பத்தில் எறும்பு ஏறிவிட்டது. ஸுஹைறா ஒரு சொல் ஏசவில்லை.