ஓடை எங்கே போகிறது என்று கேட்டார்கள்

புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பட்டாசுக் கம்பெனி வேனுக்காக ஊர் முக்கில் நின்றிருந்தேன். தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால் ஓடையைக் காணோம். முந்தின நாள் வரை பள்ளமாகக் கிடந்த இடத்தில் சரளை மண்ணைக் கொட்டி, சிமெண்டுத் தூண் நட்டு, முள்கம்பி இழுத்திருந்தார்கள். வேனில் ஏறிய பெண்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். வேலி யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் போர்மேன் போட்ட வேலி.

அவர் எங்கள் ஊர்க்காரர்தான். என் வீட்டுக்காரருக்குப் பங்காளி வகையில் தம்பி. ஊருக்குள் என்னை 'மதினி' என்பார், கம்பெனிக்குள் 'ஏம்மா' என்பார். ஓடையின் மேல்கரையில் அவருக்குப் பட்டா நிலம் இருந்தது. அதை ஓடைக்குள்ளும் நீட்டிவிட்டார்.

மழைத் தண்ணீர் அந்த ஓடை வழியாகத்தான் கண்மாய்க்கு வரவேண்டும். கண்மாய் யாருக்கும் தனிப் பாத்தியம் இல்லை என்பதால் ரொம்ப நாள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டது. டிராக்டர் டிராக்டராக மண் போனது. பிறகுதான் ஊர் கூடி ஏழு பேரைக் குழுவாகப் போட்டோம். வயலுக்குக் கரம்பை மண் எடுக்கிறவர்கள் முழங்கால் ஆழத்துக்குக் கீழே தோண்டக் கூடாது. கருவேலத்தை வருசத்துக்கு ஒரு பக்கமாக வேரோடு பிடுங்க வேண்டும். மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் ஓடை சுத்தம் பண்ண வரவேண்டும். முதல் வருசம் பாதிப் பேர்தான் வந்தார்கள். அடுத்தடுத்த வருசம் கூடினார்கள். கோடையிலும் ஆடுமாடு குடிக்கத் தண்ணீர் கிடந்தது. மகளிர் குழு சார்பில் நானும் அந்த ஏழு பேரில் ஒருத்தி. குழு நோட்டு என் பொறுப்பு.

அன்று சாயங்காலம் குழுவைக் கூட்டினோம். மூன்று பேர்தான் வந்தோம். மாதா கோயில் தெருவில் குடியிருக்கும் டீச்சர், வேலியை எடுக்கச் சொல்லித் தாசில்தாருக்கு ஒரு மனுவைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"மழை விழுந்தா தண்ணி எங்கன போகும்? நேரா ஒங்க தெருவுக்குத்தான் வரும். மொதக் கையெழுத்து யாரு போடுறீக?" என்று கேட்டார்.

நான் போட்டேன். தைரியத்தில் போடவில்லை. நோட்டு என் மடியில் இருந்தது, மற்ற இருவரும் என்னையே பார்த்தார்கள், அவ்வளவுதான்.

மனு போனதற்கு மறுநாள் போர்மேன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது செருப்புச் சத்தம் கொஞ்சம் நிற்கும், பிறகு போகும். அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் லேபிளைக் கோணலாக ஒட்டினேன். நாலாம் நாள் பேக்கிங் ஷெட்டுக்கு வந்தார்.

"ஏம்மா, இங்கன ஆளு கூடிப்போச்சு. நீங்க ஏழாம் நம்பர் ரூமுக்குப் போங்க."

பதினோரு வருசமாக அட்டைப்பெட்டி மடித்து லேபிள் ஒட்டியவள் நான். ஏழாம் நம்பர், மருந்து செலுத்துகிற ரூம். காகிதக் குழாய்களுக்குள் வெடிமருந்தைப் போட்டு அடைக்க வேண்டும். ஓர் அறையில் நாலு பேர். உரசல் ஆகக் கூடாது. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் மாலை போட்ட போட்டோ தொங்குகிறது. மூன்று பேரும் அப்படிப்பட்ட ரூம்களுக்குள் போனவர்கள்தான்.

வளையலைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். ரப்பர் விரிப்பில் உட்கார்ந்ததும் கை ஆடத் தொடங்கியது. நிறுத்தப் பார்க்கப் பார்க்க அதிகமாக ஆடியது. சாம்பல் நிற மருந்து விரிப்பில் சிந்தியது. எதிரே இருந்த பெண் வேலையை நிறுத்தினாள். இருபது வருசமாக அந்த வேலை பார்ப்பவள். அவள் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது.

"அக்கா, ஒங்க கை இப்பிடி நடுங்குனா நாம நாலு பேரும் வீடு போய்ச் சேர மாட்டோம். எந்திரிச்சு வெளிய போங்க. கும்புட்டுக் கேக்கேன்."

எழுந்தேன். புடவை எதிலும் உரசிவிடாமல் இரண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக வைத்து வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். போர்மேன் தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வரவில்லை. நான் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு, வெம்பக்கோட்டை ரோட்டில் வெயிலில் நடந்தே ஊர் வந்து சேர்ந்தேன்.

வீட்டுக்காரர் சரக்கு வண்டி ஓட்டுகிறார். அப்போது அவருக்கு வந்த லோடும் அந்தக் கம்பெனியிலிருந்துதான்.

"ஊருக்குப் பொதுவான கண்மாய்க்கு நீ ஒருத்தி மட்டும் ஏன் சாகணும்? போயி, தெரியாமப் போட்டுட்டேன்னு சொல்லிட்டு வா" என்றார். குரலில் அதட்டல் இருந்தது, ஆனால் கை தீப்பெட்டியை உருட்டிக்கொண்டே இருந்தது.

இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை: நான் போனேன். மறுநாள் மத்தியானம் போர்மேன் வீட்டு வாசலில் நின்றேன். அவர் சிரித்த முகமாக, "வாங்க மதினி, சாப்பிட்டீகளா?" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சர்வேயர் வாராரு. ஓடை இங்கன வரல, அந்தப் பக்கமாத்தான் போச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். குழு ஆளு சொன்னா எடுபடும். பேக்கிங்ல ஒங்க எடம் அப்பிடியேதான் இருக்கு."

தலையாட்டினேன். ஏழாம் நம்பர் ரூமை நினைத்துக்கொண்டே ஆட்டினேன்.

சர்வேயர் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் வந்தார். கூட விஏஓவும் வந்திருந்தார். ஊரில் வேலைக்குப் போகாதவர்கள் எல்லோரும் கூடி, எட்டி நின்றார்கள். புலப்படத்தை விரித்துப் பார்த்த சர்வேயர், "இந்த இடத்துல ஒரு எல்லைக்கல் இருக்கணுமே. அதை வச்சுத்தான் அளக்க முடியும்" என்றார். சரளை மேட்டில் கல் எதுவும் தெரியவில்லை.

"அப்பிடி ஒரு கல்லு இங்கன கெடையவே கெடையாது சார். வேணும்னா அவகளக் கேளுங்க, கண்மாய்க் குழு" என்று போர்மேன் என்னைக் கை காட்டினார்.

சர்வேயர் என்னிடம் திரும்பினார். "ஓடை எங்கம்மா போகுது?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் போர்மேன் வீட்டுக்குப் போய் வந்தது அவருக்குத் தெரியாது. எனக்கு ஒரு வார்த்தை பொய்யாகவும் வரவில்லை, நிசமாகவும் வரவில்லை. கால் மட்டும் நடந்தது. வேலிக்கம்பியைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். முதுகில் முள் கிழித்தது. போன வருசம் ஓடை சுத்தம் பண்ணும்போது அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தவளே நான்தான். கரையில் நிற்கும் ஒற்றை உடைமரத்துக்கு நேர் எதிரே, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போய் நின்றேன். காலுக்குக் கீழே சரளை நெறுநெறுத்தது. சேலை நனைந்துவிடுமோ என்கிற அளவுக்குப் பயம்.

"இறங்கி வாங்க மதினி" என்றார் போர்மேன். சத்தம் தாழ்ந்துதான் இருந்தது.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் உண்மை. என் வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வெட்டினார். இடுப்பளவு ஆழத்தில் டங்கென்று சத்தம் கேட்டது. கல் சாய்ந்து கிடந்தது. சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

அதற்குப் பிறகு எட்டி நின்றவர்களுக்கெல்லாம் வாய் வந்தது. "இந்தா, இங்கனதான் சார் நாங்க மாடு எறக்குவோம்", "இம்புட்டு அகலம் இருந்துச்சு" என்று ஆளாளுக்குக் காட்டினார்கள். சங்கிலி பிடித்து அளந்தார்கள். வேலிக்குள் பாதிக்கு மேல் ஓடைப் புறம்போக்கு என்று சர்வேயர் எழுதினார்.

ஆனால் வேலியைப் பிடுங்க உத்தரவு வருவதற்குள் மழை வந்துவிட்டது. ஐப்பசியின் முதல் பெருமழையில் தண்ணீர் சரளையில் முட்டித் திரும்பி, எங்கள் தெருவுக்குள் முழங்கால் அளவுக்கு வந்தது. உலை வைத்த அடுப்பு முங்கியது. வீட்டுக்கு ஓர் ஆளென்று யாரும் கூப்பிடவில்லை. ஊரே மண்வெட்டியோடு இறங்கிச் சரளையை உடைத்துவிட்டது. கண்மாய் பாதிதான் பெருகியது.

நான் கம்பெனிக்குத் திரும்பப் போகவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறேன். வீட்டுக்காரருக்கு இப்போது விருதுநகரிலிருந்து மிளகாய் வத்தல் லோடு கிடைக்கிறது, அதுவும் விட்டு விட்டுத்தான். போர்மேன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் பைக் எங்கள் தெருவில் திரும்பும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். அந்த நடுக்கம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

அளந்தது தப்பு என்று அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். சாட்சி சொல்ல விருதுநகருக்கு வரச்சொல்லி எனக்குக் காகிதம் வந்திருக்கிறது. அதைக் குழு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். நேற்று வீட்டுக்காரர் காகிதத்தை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அன்னைக்கு லோடு ஏத்த மாட்டேன். நானும் வாரேன்" என்றார்.