எதிரில் வரும் முகம்

"நடிக்கப் போகிறேன் என்றபோது உங்கள் அம்மா என்ன சொன்னார்கள்?" பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுவிடுகிறார்கள். அழுதார், அடித்தார், ஆசீர்வாதம் பண்ணினார் என்று ஏதாவது ஒன்று அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. என் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். சமையலறைக்குள் நின்றுகொண்டு, "வீட்டுக்காரம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். இதைச் சொன்னால் யாரும் எழுதிக்கொள்வதில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நெல்லும் மல்லாட்டையும் போடுவோம். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். நிலத்தைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார், அதாவது எடுத்துக்கொண்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வந்து, தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு வீட்டில் பின்கட்டுப் போர்ஷனை வாடகைக்குப் பிடித்தாள். மல்லாட்டை மில்லில் பருப்பு பொறுக்குகிற வேலை கிடைத்தது. முன்கட்டில் வீட்டுக்காரம்மா குடும்பம். இரண்டு குடும்பத்துக்கும் தெருவுக்குப் போக ஒரே வாசல், பின்பக்கம் ஒரு குறுகல் சந்து மட்டும்.

அம்மாவுக்கு அப்போது முப்பது, முப்பத்திரண்டு வயசு இருக்கும். தெருவில் யாராவது பையோடு கிளம்புவது தெரிந்தால் சட்டென்று ஒரு அடி பின்னால் எடுத்து வைப்பாள். கதவு இருந்தால் கதவுக்குப் பின்னால், இல்லாவிட்டால் சந்துக்குள். புருஷன் இல்லாதவள் எதிரில் வந்தால் போகிற காரியம் விளங்காது என்று ஊரில் ஒரு எண்ணம். அவளை அதற்காக யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு அவள் இடமே வைக்கவில்லை. மில்லுக்குக்கூடப் பின்பக்கச் சந்து வழியாகத்தான் போய் வருவாள்.

ஊருக்கு ஒளிந்தால் ஒளிந்துவிட்டுப் போகட்டும், எனக்கும் ஏன் ஒளிகிறாள் என்பதுதான் என் ஆத்திரம். எஸ்.எஸ்.எல்.சி. முதல் பரீட்சையன்று நான் பேனாவும் ஹால் டிக்கெட்டுமாக வாசலில் நிற்கிறேன், வீட்டுக்காரம்மா குளித்துக்கொண்டிருக்கிறார். அவர் மஞ்சள் பூசிக் குளித்து, பொட்டு வைத்து, நிறைகுடத்தோடு எதிரில் வந்தால்தான் நான் படியிறங்கலாம். மணி ஆகிறது. நான் உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"நீயே எதுர்ல வந்தா இன்னாம்மா? ஃபெயிலாயிடுவனா?"

"வாய மூடுடி. நல்ல காரியத்துக்குப் போவ சொல்ல இன்னா பேச்சு இது," என்று சமையலறைக்குள்ளிருந்து குரல் வந்தது. ஆள் வரவில்லை.

பள்ளிக்கூடம் வரைக்கும் ஓடினேன். வீட்டுக்காரம்மா மீது கோபப்படவும் வழியில்லை. தங்கமான மனுஷி. அரை குளியலில் எழுந்து எனக்காக ஓடி வந்தவர்.

பள்ளிக்கூட நாடகங்களில் எனக்கு எப்போதும் ராஜா வேஷம், இல்லாவிட்டால் போலீஸ்காரர். பெண்கள் பள்ளி, நான் நெட்டை, வேறு யாருக்கும் மீசை பொருந்தாது. அந்தப் பழக்கத்தில், டைப்ரைட்டிங் முடித்து மெட்ராஸில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே நாடகக் குழு ஒன்று இருப்பது தெரிந்து பேரைக் கொடுத்தேன். குழுவில் நாலைந்து பேர் தொலைக்காட்சி நிலையத்தில் நடிகர் தேர்வுக்குப் போனார்கள், நானும் போனேன். படித்துக் காட்டச் சொன்ன பகுதியைத் திருத்தமாகப் படித்தேன். பிறகு சும்மா பேச்சுக் கொடுத்தார்கள். அங்கே "கம்மி", "ஜாஸ்தி", போகும்போது என்பதற்கு "போவ சொல்ல" என்று எங்கள் ஊர்ப் பேச்செல்லாம் வந்து விழுந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் பக்கத்து ஆளிடம், "வேலைக்காரி கேரக்டருக்குக் கரெக்டா இருக்கும்" என்றார். என் காதில் விழுவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கூப்பிட்டபோது போனேன். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன மகாராணியா?

முதல் வருஷம் முழுக்க வேலைக்காரிதான். கதவைத் திறப்பேன், "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்பேன், காப்பி கொண்டுவந்து வைப்பேன். இதற்கே எங்கள் தெருவில் பெரிய பேச்சாக இருந்தது. அதற்குள் வீட்டுக்காரம்மா வீட்டில் டி.வி. வாங்கி, மாடிமேல் பனைமரம் மாதிரி ஒரு கம்பத்தை நட்டு ஆன்டெனா கட்டியிருந்தார்கள். நாடகம் வரும் நாளில் தெருவே அவர்கள் கூடத்தில் இருக்கும். அம்மாவும் போவாள். ஆனால் கூடத்தில் உட்கார மாட்டாள், சமையலறை நடையில் சுவரோரமாக உட்கார்ந்து எட்டிப் பார்ப்பாள். மாதம் ஒருமுறை நான் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அதே குடம், அதே வீட்டுக்காரம்மா, உள்ளிருந்து "வீட்டுக்காரம்மா வந்துட்டாங்களா?" என்ற அதே கேள்வி.

இரண்டாம் வருஷம் ஒரு நாடகத்தில் அம்மா வேஷம் கட்ட வேண்டியவருக்கு உடம்பு முடியாமல் போக, உயரத்தைப் பார்த்து என்னைப் போட்டார்கள். எனக்கு இருபத்து மூன்று வயசு, தலையில் பவுடரைக் கொட்டி ஐம்பதாக்கினார்கள். புருஷனை இழந்தவள், ஒரே மகன், அவன் வேலைக்கான இன்டர்வியூவுக்குக் கிளம்புகிறான். வெள்ளைப் புடவை கொடுத்தார்கள். எங்கள் ஊரில் மில்லுக்குப் போகிறவர்கள் யார் வெள்ளை கட்டுகிறார்கள் என்று கேட்டேன், கட்டும்மா என்றார்கள். தூய வெள்ளை காமிராவில் கண்ணைப் பறிக்கும் என்பதால் அதை டீத்தண்ணீரில் முக்கிக் காயவைத்திருந்தார்கள். அந்த வாசனையோடு கட்டிக்கொண்டேன்.

மகன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். அம்மா வாசலுக்கு வந்து, "நல்லபடியா போயிட்டு வாப்பா" என்று வழியனுப்ப வேண்டும். ஒத்திகையில் நான் சொம்பும் கையுமாக உள்ளேயிருந்து வந்தேன். பையன் தோளில் பையைப் பார்த்ததும் என் கால் தானாக ஒரு அடி பின்னால் போனது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வசனத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, வாசலுக்கு வரணும்னு எழுதியிருக்கே, படிக்கலையா?" என்று தயாரிப்பாளர் கத்தினார்.

"வர மாட்டாங்க சார்."

"யாரு வர மாட்டாங்க?"

"இந்த அம்மா. புள்ள நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது எதுர்ல வர மாட்டாங்க."

"பெத்த புள்ளைக்குமா?"

"பெத்த புள்ளைக்குத்தான் சார் ஜாஸ்தி."

அவர் கையிலிருந்த தாளில் அந்த வரியை அடித்தார். பிறகு காமிராவைக் கதவுக்குப் பக்கத்தில் தள்ளச் சொன்னார். கதவைப் பிடித்திருக்கிற நாலு விரலும் ஒரு புடவை ஓரமும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்தார்கள்.

அது ஒளிபரப்பான அன்று லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். கூடம் நிறைய ஜனம். அந்தக் காட்சி வந்தது. பையன் பையை எடுத்தான், சொம்போடு வந்த நான் நின்றேன், பின்னால் போனேன், நாலு விரல் தெரிந்தது. வீட்டுக்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டு, "அய்யய்யோ, அப்டியே இவங்கம்மா!" என்றார். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, வியப்பில் வந்துவிட்டது. கூடத்திலிருந்த அத்தனை தலையும் சமையலறை நடைப் பக்கம் திரும்பியது. அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

நான் போனபோது அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? நான் ஒளியறத ஊரே உக்காந்து பாக்கணுமா?"

"ஊருக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சதத்தான காட்டினேன்."

"தெரியறது வேற, பாக்கறது வேற."

எனக்கு அடக்க முடியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. "ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட உன் மூஞ்சியப் பாத்துட்டு நான் கிளம்பினதில்ல. மெட்ராஸ்ல போயி கண்ண மூடினா வீட்டுக்காரம்மாவும் கொடமும்தான் வருது. அவங்களா என்னப் பெத்தாங்க?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதேன்.

அம்மா தட்டு வைத்து, "சோறு துன்னு" என்றாள். நான் பாதி சாப்பிட்டபோது கேட்டாள்.

"கதவுக்குப் பின்னாடி நிக்க சொல்ல உனக்கு எப்டி இருந்துச்சு?"

"எரிஞ்சிச்சு."

"ம்," என்று சொல்லி ரசம் ஊற்றினாள்.

மறுநாள் காலை நான் கிளம்ப வேண்டும். தனியார் ஒருவர் எடுக்கிற தொடரில் கதாநாயகிக்கு அக்கா வேஷம், பதிமூன்று வாரமும் வரும். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அவர் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அதைவிடப் பெரிய வாய்ப்பு அதுவரை எனக்கு வந்ததில்லை, அம்மாவுக்கும் அது தெரியும். பையை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்விக்காகக் காத்து நின்றேன். கேள்வி வரவில்லை. அம்மா ஈரத் தலையை முடிந்துகொண்டு உள்ளேயிருந்து வந்தாள். என்னைத் தாண்டி நடந்தாள், முன்கட்டைத் தாண்டினாள், வாசற்படி இறங்கித் தெருவில் கொஞ்ச தூரம் போனாள். அங்கே திரும்பி என்னைப் பார்க்க நின்றாள்.

எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். வீட்டுக்காரம்மா குடத்தோடு நடைக்கு வந்தவர், பார்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் குடத்தைக் கீழே வைத்தார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வா. பஸ்ஸு போயிடும்," என்றாள்.

படியிறங்கி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும் வரைக்கும் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

செஞ்சி தாண்டி பஸ் டயர் வெடித்தது. மாற்று டயரும் மோசமாக இருந்ததால் வேறு பஸ் வரும் வரை எல்லோரும் ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றோம். என் பக்கத்து சீட்டுக்காரர், "காலைல யார் மூஞ்சில முழிச்சனோ, தெரியல" என்று அலுத்துக்கொண்டார்.

"டயரப் பாருங்க, வழுவழுன்னு தேஞ்சி கெடக்குது," என்றேன். "மூஞ்சியக் கொற சொல்லாதீங்க." நான் போட்ட சத்தத்தில் அவர் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

மெட்ராஸில் அந்த ஆபீசுக்கு நான் போனபோது விளக்கு போட்டுவிட்டார்கள். அக்கா வேஷத்துக்கு வேறு பெண்ணை முடிவு பண்ணி அட்வான்ஸும் கொடுத்து அனுப்பியாகிவிட்டது. திரும்பி ஹாஸ்டலுக்கு வரும்போது எனக்கு வேஷம் போன வருத்தத்தைவிட, இதை எப்படி ஊரில் போய்ச் சொல்வேன் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அன்னிக்கி பஸ்ஸு நல்லா போச்சா?"

"ஜம்முனு போச்சு. மூணு மணிக்கு முன்னாடியே போயிட்டேன்."

"அப்ப அந்த வேஷம்?"

"கதாநாயகியவிட அக்கா உயரம் ஜாஸ்தியாத் தெரியுதுன்னுட்டாங்க."

அம்மா என்னை நேராகப் பார்த்தாள். நானும் கண்ணை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் முகம் தெளிந்தது. "உங்கப்பா உயரம். அதுக்கு இன்னா பண்ணுவ," என்றாள். இரண்டு நாள் கழித்து நான் கிளம்பும்போது, "குனிஞ்சி நடிக்க வேண்டியதுதானடி" என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் போய்த் தெருவில் நின்றாள்.