துண்டுக்குள் நாலு விரல்

கோகுல்ராஜுக்கு வலது காது போய்ச் சேர்ந்து ரெண்டு வருசமாச்சு. போர்வெல் வண்டியின் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே வயசைக் கழித்தவனுக்கு அதுதான் மிச்சம். இப்போது இடது காதிலும் சதா ஒரு இரைச்சல். சேலத்து டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: வாரத்தில் மூணு நாளாவது மெஷின் சத்தத்தை விட்டு விலகி இரு, இல்லாவிட்டால் இதுவும் போகும். மகள் சண்முகப்பிரியா பள்ளிக்கூடத்துக் கதைகளை அவன் இடது தோளில் முகத்தை வைத்துக்கொண்டுதான் சொல்வாள். அந்தக் காதும் அடைத்துவிட்டால் அவள் பேச்சே அவனுக்கில்லை.

அவன் சம்பள ஆளில்லை; காண்ட்ராக்ட் மெக்கானிக். சொந்த டூல்ஸ், சொந்த பைக், தனக்குத் தானே முதலாளி. நல்ல முதலாளி போங்கள்! புதுச்சத்திரத்தில் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் கண்ணுசாமி போன் போட்டால் சோற்றுக் கையோடு ஓட வேண்டும். தீபாவளி, நோம்பி எதுவும் கிடையாது. வேறொருத்தர் வண்டியைத் தொட்டால் அன்றோடு உறவு முடிந்தது.

கண்ணுசாமி அந்தக் காலத்தில் மேச்சேரிப் பக்கம் ஆட்டு யாவாரம் பண்ணினவர். இத்தனை வண்டி வந்தும் தோள் துண்டு இறங்கவில்லை; அந்த யாவாரப் புத்தியும் இறங்கவில்லை. வாரத்துக்கு நாலு நாள்தான் வருவேன் என்று கோகுல்ராஜ் போய் நின்றபோது மனுசன் மேலும் கீழும் பார்த்தார். ஸ்பானர் பிடிக்கக் காது எதற்கு என்று நக்கலடித்தார். பெரிய கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம் என்றார். இவன் அசையவில்லை. வெல்டர், டிரில்லர் எல்லோரும் காண்ட்ராக்ட் ஆட்கள்தான். காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். இவனுக்கு விட்டுக்கொடுத்தது தெரிந்தால் நாளைக்கு அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள். கண்ணுசாமி சட்டென்று துண்டை உருவி இவன் கைமேல் போட்டார், சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுகிற மாதிரி.

துண்டுக்கடியில் அஞ்சு நாள் என்று அஞ்சு விரலையும் சேர்த்து நெரித்தார். கோகுல்ராஜ் கட்டை விரலை உருவிக்கொண்டான். மறுபடி அஞ்சையும் பிடித்தார்; மறுபடி உருவினான். விரல் முறிந்துவிடும் போல வலித்தது. கடைசியில் மிச்சமிருந்த நாலு விரலையும் ஒருதரம் இறுக்கிப் பிடித்து விட்டார். படிந்தது என்று அர்த்தம். வாய் திறந்து ஒரு வார்த்தை கிடையாது.

அந்த வாரம் வியாழன்வரை உழைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை கோகுல்ராஜ் போனை அணைத்து வைத்தான். அன்றைக்கென்று பார்த்து பனமரத்துப்பட்டியில் ஒரு வண்டி பாதிக் குழியில் நின்று போனது. திங்கட்கிழமை பட்டறைக்குள் கால் வைத்ததுமே கண்ணுசாமி பிடித்துக்கொண்டார். இவன் அப்பன், ஆத்தா யாரையும் விட்டு வைக்கவில்லை. அத்தனை பேர் எதிரில் பேச்சு வாங்க இவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நாலு நாள்னு கை புடிச்சீங்களேங்கண்ணா."

"துண்டுக்குள்ள புடிச்சதெல்லாம் ஒரு பேச்சாடா? எவன்டா பாத்தான்?"

அவர் அந்த வார்த்தையை விட்ட நேரம் கெட்ட நேரம். குலசாமிக்கு வெட்டுவதற்காக அவர் சொல்லி வைத்திருந்த கிடாயைப் பிடித்துக்கொண்டு, மேச்சேரித் தரகர் கருப்பண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். பழைய கூட்டாளி. கிடாய்க்கு விலை அதே துண்டுக்குள் படிந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. கருப்பண்ணன் சத்தம் போடவில்லை. கிடாயின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"அப்படின்னா நம்ம பேச்சும் பேச்சில்லீங்க. நான் வாரேன்" என்று நடையைக் கட்டினார்.

கண்ணுசாமியின் முகம் செத்துப்போனது. துண்டுக்குள் பேசிவிட்டு மாறுகிற ஆள் என்று கருப்பண்ணன் சந்தையில் வாய் திறந்தால் போதும், அப்புறம் ஒருத்தனும் இவருக்குக் கை நீட்ட மாட்டான். ரிக் தொழிலில் இருக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சந்தையிலிருந்து வந்தவர்கள்தான். வாசல் கேட் வரை ஓடிப்போய் மறித்தார். கருப்பண்ணன் நின்றார். ஆனால் கோகுல்ராஜ் பக்கம் கையைக் காட்டினார்.

கண்ணுசாமி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தார். மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று இவன் காதோரம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். அவசரத்தில் வலது பக்கம் குனிந்துவிட்டார்.

என்ன சொல்லியிருப்பார் என்று கோகுல்ராஜுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் விடவில்லை.

"அந்தக் காதை உங்க வண்டிக்குக் குடுத்தாச்சுங்கண்ணா. சத்தமாச் சொல்லுங்க."

பட்டறையில் அவனவன் கையிலிருந்ததைக் கீழே வைத்தான்.

"நாலு நாளு!" கண்ணுசாமி தொண்டை கிழியக் கத்தினார். "வாரத்துக்கு நாலே நாளு. போதுமாடா?"

இது இடது காதில் நன்றாகவே விழுந்தது. கோகுல்ராஜ் தலையாட்டிவிட்டு டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். அவன் நின்ற இடத்தில் அடுத்த ஆளாக வெல்டர் வந்து நின்றான்.