கரண்ட் மேல் போட்ட பழி

சுவிட்சைப் போட்டதும் மெஷின் ஓடும் என்று ஊர் நம்புகிறது. சுவிட்சுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் உள்ள சில விநாடிகள்தான் என் பிழைப்பு. மும்பை செம்பூரில் எம்பிராய்டரி மெஷின்களுக்கு கண்ட்ரோல் போர்டு செய்கிறோம். அதில் துவரம்பருப்பு சைஸில் ஒரு பிளாஷ் சிப். மெஷினை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ் முழுக்க அதற்குள்தான். கரண்ட் வந்ததும் அது அங்கிருந்து எழுந்து வரவேண்டும். அது எழாமல் திருதிருவென்று விழித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். வாருங்கள், சேர்ந்தே தலை குனிவோம்.

காலி சிப்

முதல் போர்டு தாராவி நாசர் பாய் பட்டறைக்குப் போனது. மேலப்பாளையத்துக்காரர், மரியாதையானவர். "சிப்பிலிருந்தே எழுந்திருக்கும் பாய்" என்று பீற்றிக்கொண்டு மாட்டினேன். மறுநாள் டிசைன் ஏற்ற, அதிலிருந்த மெமரி கார்டை உருவியிருக்கிறார். மெஷின் செத்தது. நான் டெஸ்டுக்குப் போட்ட கார்டு அது. ஆபீஸ் டெஸ்டிலிருந்தே போர்டு அதிலிருந்துதான் எழுந்திருக்கிறது. சிப்பில் நான் எதையுமே எழுதவில்லை. ஓடிப்போய் எழுதிக் கொடுத்தேன்.

பாய் கேட்டார்: "உசிரு கார்டுலதான் இருக்குன்னு சொல்லியிருந்தா பத்திரமா வச்சிருப்பேன்லா தம்பி?"

லோகோ மட்டும்

அடுத்த மாதம் அப்டேட். பாய் கையில் ஒரு மாட்டுங்கா கடையின் கல்யாண பிளவுஸ் ஆர்டர், வெள்ளிக்கிழமை கொடுக்கவேண்டும். "ரெண்டே நிமிஷம்" என்றேன். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும்போது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது திரையில் எங்கள் கம்பெனி லோகோ மட்டும் பளபளத்தது. பின்னால் லினக்ஸ் இல்லை.

பழைய பிரதி ஒன்றை சிப்பிலேயே வைத்திருந்தால் தப்பித்திருக்கும். அந்த இடத்தில்தான் நான் லோகோ படங்களைப் போட்டு அடைத்திருந்தேன், முதலாளியிடம் சபாஷ் வாங்க. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "உங்க ஏரியா கரண்ட் சரியில்ல பாய்" என்றேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

"ஆமா தம்பி, எங்க லைன் மோசந்தான். உங்களுக்குத்தான் சிரமம்."

இன்வெர்ட்டர்

சிப்பைக் கவ்வி எழுதும் கிளிப் ஆபீஸில் உடைந்து கிடந்தது. புதியது வருவதற்குள் வெள்ளி போய்விட்டது. திங்கட்கிழமை டோம்பிவிலியிலிருந்து சயான் வரை ரயிலில் நின்றுகொண்டே, உண்மையை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

பட்டறையில் மெஷின் பக்கத்தில் ஒரு புது இன்வெர்ட்டர். என் பேச்சை நம்பி வாங்கியிருக்கிறார். பிளவுஸ் துணி ஒன்றுகூட இல்லை. கிளிப்பை மாட்டி எழுதினேன், மெஷின் எழுந்தது. அப்புறம் தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன்: லோகோ, அழித்த பிரதி, என் பொய். பாய் கோபப்பட்டிருந்தால் தேவலாம். நூல்கண்டை உருட்டிக்கொண்டே சொன்னார்:

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா தம்பி. மெஷின்ல கோளாறு இல்ல, எங்க மேலதான் தப்புன்னு அந்த மாட்டுங்கா பார்ட்டிகிட்ட சொல்லிட்டேன். இனிமே எங்களுக்கு வேலை தரமாட்டேன்னுட்டாரு."

இப்போதெல்லாம் சிப்பில் பழைய பிரதிக்குப் பாதி இடம் ஒதுக்கிவிடுகிறேன், தாராவிக்குப் போகவேண்டிய வேலை வந்தால் மட்டும் எனக்கு அன்றைக்குக் காய்ச்சல்.