நெட்டு டப்பாவுக்கு வைத்த பொட்டு

விஜயதசமி காலையில் தங்கை போன் செய்தபோது நான் சென்னையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அண்ணே, நெட்டு வரல. டப்பாவுல செவப்பு லைட்டு எரியுது" என்றாள்.

நர்சிங் முடித்தவள். சிங்கப்பூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பத்து மணிக்கு வீடியோவில் இண்டர்வியூ. என்னைப்போல அவர்களுக்கும் அன்று வேலை நாள். அன்னவாசலைத் தாண்டியிருக்கிற எங்கள் ஊரில், வீட்டுக்குள் செல்போனில் பேச மட்டும்தான் முடியும், வீடியோ ஓடாது. இதற்காகவே நான் சொல்லி, போன மாதம் வீட்டுக்கு நெட் ஒயர் இழுத்திருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவன் நான். கரண்டு பில்லிலிருந்து கண்ணாஸ்பத்திரி வரை எதற்கும் எனக்குத்தான் போன் வரும். தெரியாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணு."

"பண்ணியாச்சு."

"இன்னொருக்கா பண்ணு."

"ஒனக்கு இது ஒண்ணுதான் தெரியுமாண்ணே?"

உண்மையில் அவ்வளவுதான் தெரியும். ஒயர் இழுத்துக் கொடுத்தவரை அழைத்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. மறுபடி தங்கையைக் கூப்பிட்டு, பின்பக்கம் மஞ்சள் ஒயர் ஒழுங்காகச் செருகியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். டப்பாவைத் திருப்புகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, முனையில சந்தனம் இருக்கு."

அப்பா போனை வாங்கினார். "நேத்து ஆயுத பூசையில்லையாப்பா? வண்டி, மோட்டாரு, டீவி எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். புதுசா வந்தத மட்டும் விடலாமா? ஒயரக் கழட்டி ஈரத்துணியால நல்லாத் தொடச்சுட்டுத்தான் வச்சேன். அழுக்கோட வைக்கல."

அந்த முனைக்குள் இருப்பது மயிரிழைக் கண்ணாடி, அதன் வழியே வருவது வெறும் வெளிச்சம், ஒரு தூசி அடைத்தாலும் போச்சு. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? "சரிப்பா" என்றேன்.

தங்கை ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துவந்தாள். "ஊசி போடுற எடம் மாதிரி தொடைக்கிறேன், இரு." துடைத்துச் செருகினாள். நான் ஷூவில் ஒரு காலை விட்டபடி நின்றேன்.

"செவப்புதாண்ணே. நான் வண்டிய எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். அங்கிட்டுத்தான் டவர் கிடைக்கும்."

அவள் போனதும் அப்பா தன் போனிலிருந்து கூப்பிட்டார். "ஏப்பா, வேற எதையாச்சும் அமுக்கணுமா? சொல்லு, நான் அமுக்குறேன்."

"லைட்டு மாறுதான்னு பாத்துக்கிட்டு இருங்கப்பா" என்றேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி அவர் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டே போனேன்.

பதினொரு மணி வாக்கில் தங்கை பேசினாள். "ஹாரன் சத்தத்துல அவங்க கேட்டது பாதி வெளங்கலண்ணே. திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசில, தகவல் சொல்றோம்னாங்க."

"நல்லாத்தான் பண்ணிருப்ப."

"தெரியல. அப்பாகிட்ட நல்லாப் போச்சுன்னுதான் சொல்லிருக்கேன். நீயும் அப்படியே சொல்லு."

சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் அழைப்பு குறுக்கே வந்தது. எடுத்தேன்.

"பஸ் ஸ்டாண்டுல ஒரே எரைச்சலா இருந்திருக்குமேப்பா?"

"இல்லப்பா. நல்லாப் போச்சாம்."



"லைட்டு இன்னும் மாறலப்பா. சரி, நீ வேலையப் பாரு" என்றார்.