இறக்கத்தில் எஞ்சின் சத்தம்

பிள்ளைகளா, உங்க அப்பா இதுவரை விமானத்தில் ஏறியது கிடையாது. ஆனால் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் ஒரே விமானத்தை முப்பது தடவைக்கு மேல் நொறுக்கியிருக்கிறேன். நொறுக்கிவிட்டு, மேலில் ஒரு கீறல்கூட இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சோறும் தின்றிருக்கிறேன்.

அப்போது கோம்பை கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. மொத்தம் நாலு கம்ப்யூட்டர். மூன்றில் அக்காமார் டைப் அடிக்கப் பழகுவார்கள். மூலையில் இருந்த நாலாவதில்தான் விமானம் ஓட்டுகிற விளையாட்டு. இப்போது வானத்தில் போகிற விமானம் மாதிரி இல்லை அது, அந்தக் காலத்து விமானம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக ரெண்டு அடுக்கு இறக்கை, மூக்கில் காற்றாடி, வாலுக்கு அடியில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நின்றால் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு முன்னால் பாதையே தெரியாது.

அதை மேலே ஏற்றுவது சுலபம். நானே முதல் நாளில் ஏற்றிவிட்டேன். இறக்குவதில்தான் வம்பு. சென்டர் அண்ணனிடம் கேட்டேன். "கீழ எறங்கணும்னா எஞ்சினை அமத்துடா. இதுகூடத் தெரியாதா?" என்றார். நானும் ஒவ்வொரு தடவையும் எஞ்சினை அமர்த்தினேன். ஒவ்வொரு தடவையும் விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே கல் மாதிரி விழுந்தது. அந்த அண்ணன் அதை ஒரு தடவைகூட இறக்கியதில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குத் தம்பி, ஜீப் டிரைவர். விடிந்தும் விடியாமலும் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போவார். சாயங்காலம் மலையிறக்கி வீடு சேர்ப்பார். அந்த வருஷம் பங்குனியில் ஒருநாள், இறக்கத்தில் வண்டி நிற்காமல் ஓடி மலைப்பக்கத்துப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. கடவுள் புண்ணியத்தில் யார் உயிருக்கும் சேதமில்லை. முன்சீட்டில் இருந்த என் அத்தைக்கு, அதாவது மாமாவின் மனைவிக்கு, இடது கை முறிந்தது.

"பிரேக் புடிக்கல," என்றார் மாமா. ஊரும் சரி என்றது. ஒருத்தரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. மெக்கானிக் பிரேக்கைச் சரிசெய்து வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார். அதோடு சரி, மாமா சாவியைத் தொடவில்லை. ஒருநாள் தலைவலி, இன்னொருநாள் டயரில் காற்று இல்லை, அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டிருக்கிற ஜாதி நாய் ஒன்று, செவலை, அந்த ஜீப்புக்கு அடியில் குடியேறிவிட்டது. நாங்கள் பக்கத்தில் போனால் அது எங்களைப் பார்த்து உறுமும்.

கடைசியில் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவானது. கம்பத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகப் பேச்சு. மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. "வண்டியும் போயிட்டா இவன் என்னடா செய்வான்?" என்று அம்மா என்னிடம் கேட்டாள், எனக்கு என்னமோ பதில் தெரியும் என்பது போல.

அந்த வாரத்தில்தான் ஒருநாள் மத்தியானம், சோறு ஆறுகிறது என்று என்னைக் கூட்டிவர மாமாவை அனுப்பினாள் அம்மா. அவர் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றபோது விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போல எஞ்சினை அமர்த்தினேன். ஸ்பீக்கரில் சத்தம் நின்றது. வெறும் காற்றுச் சத்தம் மட்டும்.

"ஏலே, போடுலே! எஞ்சினைப் போடு!"

மாமா போட்ட சத்தத்தில் சென்டரே திரும்பிப் பார்த்தது. விமானம் விழுந்து நொறுங்கியது. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. வாசலுக்குப் போய்ப் பானையில் மொண்டு ரெண்டு சொம்பு தண்ணீர் குடித்தார்.

"மலையில வளைச்சு வளைச்சு ஓட்டுற ஆளு, பொம்மை பிளேனுக்கா பயப்படுறாக?" என்று டைப் அடிக்கிற அக்கா ஒருத்தி சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மாமாவே பயப்படுகிற அளவுக்கு நான் விமானம் ஓட்டுகிறேன்!

மறுநாள் யாரும் அனுப்பாமலே மாமா வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, அந்தச் சத்தம் நிக்காம எறக்க முடியாதா?"

"எறங்கணும்னா அமத்தணும் மாமா. அண்ணன் சொன்னாரு."

"அவன் கெடக்கான். நீ அமுக்கு, நான் சொல்றேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பொத்தானை அமுக்குவது நான், எப்போது என்று சொல்வது மாமா. அவர் கையை மடியில் வைத்துக்கொள்வார், கீபோர்டைத் தொடமாட்டார். ஆனால் மேஜைக்கு அடியில் அவர் கால் ரெண்டும் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்துக்கொண்டே இருக்கும். ஒரு தடவை, விமானம் திரும்பும்போது ஹாரன் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"முன்னால ஒண்ணுமே தெரியலையே மாமா."

"மூடுபனியில நாங்க முன்னாலயா பாக்குறோம்? ஓரத்தைப் பாரு. ஓரம் எங்கன இருக்குன்னு தெரிஞ்சா நடு எங்கனன்னு தெரிஞ்சு போகும். எஞ்சினைப் பாதிக்குக் கொறை. பாதிதான்! சத்தம் காதுல கேட்டுக்கிட்டே இருக்கணும்."

விழுந்தோம். ஆனால் ஓடுபாதைக்குப் பக்கத்தில் விழுந்தோம். மறுநாள் இன்னும் பக்கத்தில். அந்த வாரம் வீட்டில் எல்லோரும் வீரபாண்டித் திருவிழாவுக்கு ராட்டினம் ஏறப் போனார்கள். நானும் மாமாவும் மட்டும் போகவில்லை. "ஜீப்பைப் பாருங்கன்னா பிளேனைப் பாக்கப் போயிட்டாக," என்று அத்தை அம்மாவிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

ஒரு தடவை விமானம் தாழ்ந்து வரும்போது மாமா ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "அமத்திட்டு நியூட்ரல்ல விட்டா வண்டி நம்ம பேச்சைக் கேக்காது மாப்ள. டீசல் மிச்சம்னு பாத்தேன்..."

"பிளேன்ல நியூட்ரல் ஏது மாமா?" என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை. விமானத்தை நான் மேலே ஏற்றித் திருப்பியதும் மாமா, "தள்ளிக்க," என்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் கையைக் கீபோர்டில் வைத்தார். நான் ஸ்டூலுக்கு மாறினேன்.

பாதி தூரம் இறங்கியபோது அத்தை வந்து நின்றாள். மாவுக்கட்டு போட்ட கை கழுத்தில் தொங்கியது.

"கம்பத்துக்காரவுக இன்னைக்கே வந்துட்டாக. வீட்டுல காத்திருக்காக. சாவி கேக்காக."

"கொஞ்சம் இரு," என்றார் மாமா. கண்ணைத் திருப்பவில்லை. எஞ்சின் சத்தம் குறைந்தது. நிற்கவில்லை. டுபுடுபுவென்று ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுபாதையின் புல் ஓரம் எங்களை நோக்கி வந்தது.

"எஞ்சினை அமத்தல, பாரு," என்றார், அத்தையிடம்.

அத்தை குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அன்னைக்கு அமத்துனீகள்ல."

மாமாவின் தோள் ஒரு குலுக்குக் குலுங்கியது. "உனக்குத் தெரியுமா?"

"முன்சீட்டுலதான இருந்தேன்? சத்தம் நின்னது எனக்குக் கேக்காதா?"

"யாருட்டயும் சொல்லலையே நீ."

"சொல்லி? ரோட்டைப் பாருங்க, ரோட்டைப் பாருங்க!"

எனக்குப் பொறுக்கவில்லை. மாமா ஒரு தடவைகூட எஞ்சினை அமர்த்தியதில்லை. அவர் மேல் வீண் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? ஸ்டூலிலிருந்து எழுந்து நின்று சொன்னேன்: "அத்தை, எஞ்சினை அமத்துனது நான். மாமா இல்ல. எல்லாத் தடவையும் நான்தான்."

அத்தை என்னைப் பார்த்தாள். சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வந்தது. நல்ல கையை என் தலையில் வைத்து, "சரிடா. நீதான்," என்றாள்.

விமானம் தரையைத் தொட்டது. குதித்தது, மறுபடி தொட்டது, மறுபடி குதித்தது. அப்புறம் வாலைக் கீழே போட்டு, பாதையை விட்டு விலகிப் புல்லில் ஓடி நின்றது. எதுவும் உடையவில்லை. காற்றாடி சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் கத்திய கத்தில் அக்காமார் எழுந்தே விட்டார்கள். சென்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "புல்லுல நின்னாக் கணக்குல வராது," என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் மாமாவும் அத்தையும் அங்கே இல்லை. வாசலில் அத்தை, "வந்தவுகளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிச்சிருவோம்," என்று சொல்வது கேட்டது.

திங்கட்கிழமை காலையில் செவலை நாய் குரைக்கிற சத்தத்தில்தான் நான் எழுந்தேன். ஜீப் நகர்கிறது என்று அதற்கு ஒரே கோபம். வண்டியில் பெண்கள் தூக்குச்சட்டியோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கையோடு தோட்டத்தில் என்ன வேலை செய்ய முடியும்? ஆனாலும் அத்தை முன்சீட்டில் இருந்தாள். நான் ஓடிப்போய், "மாமா, சாயங்காலம் வாங்க, இன்னொரு பிளேன் இருக்கு, அதுக்கு ரெண்டு காத்தாடி!" என்றேன்.

"நேரமில்ல மாப்ள," என்று மாமா கியரைப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்த சென்டர் பக்கமே வரவில்லை. எனக்கு அவர் மேல் பெரிய வருத்தம். இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொடுத்தோமே, ஒருதடவை இறக்கியதும் விட்டுவிட்டாரே என்று. கொஞ்ச நாள் அவரோடு பேசாமல்கூட இருந்தேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு நானும் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். திராட்சைப் பெட்டியைக் கேரளாப் பக்கம் இறக்கிவிட்டு, முதல் தடவையாகக் கம்பம்மெட்டு இறக்கத்தில் தனியாக வந்தபோது, முன்னால் போன லாரியின் சத்தம் திடீரென்று நின்றது. டீசல் மிச்சம் பிடிக்கச் சிலர் இறக்கத்தில் எஞ்சினை அமர்த்திவிடுவார்கள். அப்புறம் வண்டியைப் பிடிக்கப் பிரேக் மட்டும்தான், அது சூடேறினால் அதுவும் பிடிக்காது. அந்த லாரி எப்படியோ வளைவில் தப்பிப் போய்விட்டது. நான் என் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். என் சட்டையும் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், அன்றைக்கு அத்தை பேசியது விமானத்தைப் பற்றி இல்லை என்பது எனக்கு உறைத்தது. "நான்தான் அமத்துனேன்" என்று சத்தமாகச் சொன்ன பையனுக்கு அது தெரியாது. ஒரு பொய்யும் சொல்லாமல் மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமையில், அவன் அன்று மத்தியானம் ரெண்டு தடவை சோறு வாங்கித் தின்றான்.